இடது ஓரத்தில் ஒரு கோடு

அத்தியாயம் 9

ஒரே நாளில் முப்பத்திரண்டு வீட்டுக்கு மஞ்சள் நீராட்டு விழா அழைப்பிதழ் அனுப்பிய ஆள் முத்தியால்பேட்டையில் ஒருவன்தான். அந்தப் பெருமை புருஷோத்தமனுக்கு வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது வந்து சேர்ந்தது.

"இது இன்னாங்க?" என்று அமுதவல்லி ஒரு தாளை நீட்டினாள்.

"நீ குடுத்த லெட்டர்தான். புதுப் பாடத்தைப் பத்தி, இன்னைக்கு மீட்டிங்னு பெத்தவங்களுக்கு. முப்பத்திரண்டு காப்பி, உனக்கு ஒண்ணு."

"திருப்புங்க."

திருப்பினான். வாயில் இருந்த நுரை அப்படியே நின்றது.

மறுபக்கத்தில் பாக்கியலட்சுமியின் மூத்த மகள் பட்டுப்பாவாடை கட்டி, கழுத்து கொள்ளாத நகையோடு, சிரிக்காமல் நின்றுகொண்டிருந்தாள். தேதி தப்பாக அச்சாகிப் போனதால் போன மாசம் ஒதுக்கி வைத்த கட்டு. அவனுடைய பிரிண்டிங் கடை மூலையில் கிடந்தது. ஒரு பக்கம் வெள்ளையாக இருந்ததால் அதிலேயே போட்டுவிட்டான். போட்டதோடு விட்டானா? மனைவிக்குச் செய்கிற வேலை அழகாக இருக்கட்டும் என்று, ஒவ்வொன்றையும் மடித்து, அதே ஆர்டரில் மிஞ்சிய மஞ்சள் கவரில் வைத்து ஒட்டியும் கொடுத்திருந்தான். ஒட்டின கவரை நாலாம் வகுப்பு டீச்சர் அமுதவல்லி பிரித்தா பார்ப்பாள்? நேற்றுச் சாயங்காலம் பிள்ளைகளின் பையில் போட்டு அனுப்பிவிட்டாள்.

"பாக்கியலட்சுமியோட சின்னப் பையன் என் கிளாஸ்லதான் படிக்கிறான். தெரியும்ல?"

"பொண்ணு பளிச்சுன்னு இருக்குல்ல? கலர் நான்தான் ஏத்தினேன்."

அமுதவல்லி சிரிக்கவில்லை. வழக்கமாக உதட்டோரத்திலாவது ஏதாவது அசையும். இன்றைக்கு அதுவும் இல்லை. "அந்தக் கருப்புக் கோடு வேற" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கோடு உண்மை. எட்டு மாசமாக அவன் கடை மெஷின் எதை அச்சடித்தாலும் இடது ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு கருப்புக் கோடு இழுக்கும். மேலிருந்து கீழே நேராக வந்து, நடுவில் ஓரிடத்தில் அரிசி நீளத்துக்கு விட்டுப்போய், மறுபடி தொடரும். கேட்கிறவர்களிடம் "மார்ஜின் போட்டுத் தரேன், அதுக்குத் தனியா வாங்கறதில்ல" என்பான். ஜாதகம் அச்சடிக்க வந்த ஒருத்தர் அதை ஆயுள் ரேகை என்று நம்பிக்கொண்டு போனார்.

போன வாரங்களைப் படிக்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. கோடை விடுமுறையில் அமுதவல்லி மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்தாள். வந்ததிலிருந்து தலைமை ஆசிரியை செல்வாம்பாளின் பின்னாலேயே சுற்றி, நாலாம் வகுப்புக்கு ஆறு வாரப் பாடம் ஒன்றுக்குச் சம்மதம் வாங்கினாள். உடம்பின் பாகங்களுக்கு உள்ள சரியான பெயர். யார் தொடலாம், எங்கே 'வேண்டாம்' சொல்லலாம். நட்பு என்றால் என்ன, மிரட்டல் என்றால் என்ன. வாயால் கேட்கக் கூச்சப்படும் பிள்ளைகள் எழுதிப்போட ஒரு கேள்விப் பெட்டி. சன்போர்டு அட்டையை வெட்டி, மேலே ஒரு பிளவு விட்டு, பூட்டுப் போட்டுச் செய்துகொடுத்தது சாட்சாத் புருஷோத்தமன். வியாழக்கிழமைதோறும் பெட்டி திறக்கப்படும்.

அந்த வகுப்பில் முப்பத்திரண்டு பேரில் ஒருத்தி இனியா. அவர்களுடைய ஒரே மகள், ஒன்பது வயசு. பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் அம்மா டீச்சராகிவிட வேண்டும், திரும்ப வாசலைத் தாண்டினால் அம்மாவாகிவிட வேண்டும் என்பது வீட்டு விதி. ஒருதரம் வகுப்பில் வாய் தவறி "அம்மா" என்று கூப்பிட்டுவிட்டு, யாரும் சொல்லாமலே எழுந்து நின்று மூன்று தோப்புக்கரணம் போட்டாளாம்.

மாடி அறையில் இருப்பவன் அமுதவல்லியின் தம்பி பிரேம்குமார். ஆறு வயசில் தாயில்லாமல் போனவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். எட்டு மாசம் முன்பு பக்கத்திலேயே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்து இங்கேயே வந்துவிட்டான். காலை ஷிப்ட். சாயங்காலம் இனியாவுக்கும், பக்கத்துக் கடை ஹாஜாவின் மகள் நிதாவுக்கும் மாடியில் கணக்குச் சொல்லித் தருகிறான்.

போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் இனியா, "நான் டியூஷனுக்குப் போவல" என்று தட்டைத் தள்ளினாள். "நம்ம பரம்பரையில யாருமே விரும்பிப் போனதில்லடி. எங்கப்பா கணக்கு வாத்தியாரைப் பார்த்துட்டுக் கடல்ல குதிச்சு, மறுநாள்தான் கரை ஏறினாரு" என்று புருஷோத்தமன் எடுத்துவிட்டான். வீடே சிரித்தது. அந்தச் சிரிப்போடு போன வாரத்தை முடித்திருந்தோம்.

*

பத்தரை மணிக்கு நாலாம் வகுப்பறையில், ஒன்பது வயசுக்காரர்கள் உட்காரும் பெஞ்சில் நாற்பது வயசுக்காரர்கள் முழங்கால் தாடையில் முட்ட உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்பியிருந்தார்கள். புருஷோத்தமன் கடைசி பெஞ்சு. படித்த காலத்திலும் அதேதான்.

பாக்கியலட்சுமி எழுந்தாள். கையில் மஞ்சள் கவர்.

"எம் பொண்ணு போட்டோவுக்குப் பின்னாடி இந்தக் கண்றாவியை அடிச்சு ஊருக்கே குடுத்திருக்கீங்களே, இது நியாயமா டீச்சர்?"

"தப்பு என் வீட்டுக்காரர் மேலங்க. அதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்" என்றாள் அமுதவல்லி. முப்பது தலை கடைசி பெஞ்சுக்குத் திரும்பியது. அவன் கும்பிடு போட்டான்.

"அது கெடக்கட்டும். ஒன்பது வயசுப் பசங்களுக்கு அந்தப் பேரெல்லாம் சொல்லித் தரலாமா? எம் பையன் சோறு திங்கும்போது கேக்கறான்."

"என்னா கேட்டான்?"

"அதை நான் இங்க சொல்லணுமா?"

முன் பெஞ்சில் ஒருத்தர் கனைத்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து பென்ஷன் வாங்கும் கிருஷ்ணசாமி. பிரெஞ்சில் சிப்பாய்க்குச் சொல்வதுபோல, தெருவில் சொல்தா என்றால்தான் தெரியும். பேரனுக்காக வந்திருந்தார். "ஏம்மா, உம் பொண்ணு பெரியவளான சேதியைப் பத்தடி ஃபிளெக்ஸ்ல மணிக்கூண்டு கிட்ட கட்டினியே. அப்ப வராத வெக்கம் இப்ப எங்கேர்ந்து வருது?"

"நீங்க வேணா பிரான்சுக்குப் போயி படிக்க வைங்க தாத்தா."

"போகச் சொன்னா போவேன். மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார்.

சிரிப்பு எழுந்து அடங்கியது. அந்த ஃபிளெக்ஸும் தன் கடையில் அடித்ததுதான் என்பது நினைவுக்கு வர, புருஷோத்தமன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தப் பெண்ணின் முகத்தைக் கம்ப்யூட்டரில் எவ்வளவு வெளுப்பாக்கியும் அவளைச் சிரிக்க வைக்க முடியவில்லை. "வேணாம்னு அழுவுறா, நீ போடுப்பா" என்று பாக்கியலட்சுமி அன்று சொன்னதும் நினைவுக்கு வந்தது. அவனும் போட்டான்.

அமுதவல்லி சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் இரண்டு வட்டம் போட்டாள்.

"போன வாரம் நடத்தின பாடம் இதுதாங்க. ரகசியம் ரெண்டு வகை. அம்மா பொறந்தநாளுக்குப் புடவை வாங்கி ஒளிச்சு வச்சிருக்கோம். அது ஒரு நாள் வெளியே வரும், எல்லாரும் சந்தோஷப்படுவாங்க. இன்னொண்ணு, 'யார்கிட்டயும் எப்பவும் சொல்லாதே'ன்னு ஒரு பெரியவங்க சொல்றது. வயித்தைக் கலக்கும். அதை வச்சிருக்க வேணாம், நம்பற ஒருத்தர்கிட்ட சொல்லிடுன்னு சொன்னேன். அப்படி ஒரு குழந்தை வந்து சொன்னா நீங்க ரெண்டே வரி சொன்னா போதும். 'நான் உன்னை நம்பறேன். தப்பு உன் மேல இல்ல.'"

நடுவிலிருந்து ஒரு தகப்பன், "எங்க வீட்ல அந்த மாதிரி ஆளுங்க யாரும் கிடையாதுங்க" என்றார்.

"எங்க வீட்லயும் கிடையாதுங்க" என்றாள் அமுதவல்லி. "எல்லாரும் அப்படித்தான் நினைச்சிருப்போம்."

வெளியே பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

செல்வாம்பாள் எழுந்து, இரண்டு பக்கத்துக்கும் வலிக்காத குரலில், "திங்கட்கிழமை வரைக்கும் பாடத்தை நிறுத்தி வைப்போம். பெட்டியையும் ஆபீஸ் ரூமுக்கு எடுத்துடலாம். அப்புறம் பேசிக்கலாம்" என்று முடித்துவைத்தாள்.

தாழ்வாரத்தில் புருஷோத்தமன் மனைவியின் பக்கத்தில் போய் நின்றான். "பரவால்ல, சொல்தா ஒருத்தரு நம்ம கட்சி. பிரெஞ்சுப் படையே வந்த மாதிரி."

அமுதவல்லி கைப்பையைத் திறந்து, மடித்த சீட்டு ஒன்றை எடுத்தாள். "நேத்து பெட்டியில இருந்துது. இதைப் பார்த்துட்டும் சிரிப்பு வந்தா சிரிங்க."

உள்ளங்கை அகலத்துக்குக் கிழித்த வெள்ளைத் தாள். ஒரே வரி, கம்ப்யூட்டரில் அடித்தது.

'சொல்லக் கூடாதுன்னு சொன்ன ரகசியத்தைச் சொல்லிட்டா வீட்டுல யாராச்சும் அழுவாங்களா டீச்சர்?'

"கையெழுத்தா இருந்தா பாதி எழுத்துலயே யாருன்னு சொல்லிடுவேன்" என்றாள். "அதுக்குத்தான் யோசிச்சு டைப் அடிச்சிருக்கு. ராத்திரி பூரா தூக்கமில்ல எனக்கு. இந்த நேரத்துல பெட்டியைத் தூக்கறாங்க."

புருஷோத்தமன் எழுத்தைப் பார்க்கவில்லை. சீட்டின் இடது ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மயிரிழை மாதிரி ஒரு கோடு. நடுவில் அரிசி நீளத்துக்கு விட்டுப்போய், மறுபடி தொடர்ந்தது.

"யாரா இருக்கும்னு நினைக்கிற?"

"நாம தேடிக்கிட்டுப் போகக்கூடாதுங்க. தானா வரணும்."

"இல்ல, உனக்கு யார் மேலயாச்சும் ஒரு..."

"கிளாஸுக்கு நேரமாச்சு" என்று சீட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

*

கடைக்கு வந்தவன் மெஷினுக்கு எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். சும்மா ஒரு வெற்றுத் தாளை ஓட்டினான். கோடு வந்தது. இன்னொன்று ஓட்டினான். அதிலும் வந்தது. எட்டு மாசமாக விளையாட்டாக இருந்த கோடு.

கம்ப்யூட்டரில் இந்த வாரம் அச்சான பட்டியலைத் திறந்தான். புதன்கிழமை சாயங்காலம் ஐந்து நாற்பதுக்கு, பெயரில்லாத ஒரு கோப்பு, ஒரு பக்கம். அந்த நேரம் அவன் கல்யாண மண்டபம் ஒன்றில் ஃபிளெக்ஸ் கட்ட ஏணியில் நின்றுகொண்டிருந்தான். கடையை யார் பார்த்துக்கொண்டது?

பக்கத்துக் கடிகாரக் கடையில் ஹாஜா ஒரு கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு குனிந்திருந்தார்.

"ஹாஜா, புதன்கிழமை சாயங்காலம் நம்ம கடையில யாரு இருந்தாங்க, நிதாவா?"

"ஏண்ணே, எதுனா உடைச்சிட்டாளா?"

"உடைக்கல. இருந்தாளான்னு கேட்டேன்."

"இனியாதான் தனியா உக்காந்திருந்துச்சு. நான் இங்கேருந்து பார்த்துக்கினுதான் இருந்தேன்." ஹாஜா லென்ஸைக் கழற்றினார். "அண்ணே, நானே கேக்கணும்னு இருந்தேன். நிதாவுக்கும் இனியாவுக்கும் எதுனா சண்டையா? டியூஷனுக்குப் போக மாட்டேங்கறா. பத்து நாள் ஆவுது. அவங்கம்மா கேட்டாச்சு, நான் கேட்டாச்சு. 'இனியாவையே கேளுங்க'ன்றா, வேற எதுவும் சொல்ல மாட்டேன்றா."

"ஜொரம்னு சொன்னாங்களே?"

"யாரு சொன்னா?"

பிரேம்குமார் சொன்னான். புருஷோத்தமன் அதைச் சொல்லாமல் கடைக்குத் திரும்பினான். இரண்டு பேர் ஆதார் காப்பி எடுக்க வந்தார்கள். ஒருத்தருக்கு முன்பக்கத்தையே இரண்டுதரம் எடுத்துக் கொடுத்தான்.

மூன்று மணிக்கு ஷிப்ட் முடிந்து பிரேம்குமார் வந்தான். கையில் சூடான பப்ஸ். எப்போது வந்தாலும் வெறும் கையோடு வரமாட்டான். தெருவில் அவனைப் பிடிக்காத ஆளே கிடையாது.

"மாமா, மீட்டிங் எப்படி? அக்காவைக் கடிச்சுத் துப்பிட்டாங்களா?"

"திங்கக்கிழமை வரைக்கும் நிறுத்தி வச்சிருக்கு."

"நல்லதுதான் மாமா. அக்கா கோவிச்சுக்கும், நீங்க சொல்லாதீங்க. சின்னப் பசங்க மனசுல பயத்தை விதைக்கறாங்க இவங்க. அப்புறம் யார் தலையைத் தடவினாலும் தப்பாத் தெரியும்." பப்ஸை நீட்டினான். "ஆமா, நேத்து பெட்டியைத் திறந்தாங்களே, எதுனா விழுந்துதா?"

புருஷோத்தமன் வாயில் ஒரு ஜோக் தயாராக இருந்தது. பெட்டியில் தன் கடைக்கு வரவேண்டிய பாக்கிக்காரர் பட்டியல் விழுந்ததாக.

"ஒண்ணும் விழல" என்றான்.

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணும்."

பிரேம்குமார் கொஞ்ச நேரம் அவனைப் பார்த்தான். பிறகு சிரித்தான். "சரி மாமா. அக்காவுக்கு இன்னைக்கு ரெக்கார்டு வேலை இருக்கும், லேட்டாவும். வழக்கம் போல நானே போய் இனியாவைக் கூட்டியாந்துடறேன். நாளு தள்ளிக்கினே போவுது, இன்னைக்கு வகுத்தல் ஆரம்பிச்சிடணும்."

"வேணாம். நான் போறேன்."

"கடை?"

"கடை எங்கயும் ஓடிடாது."

சிரிப்பில்லாமல் தன் குரல் எப்படி இருக்கும் என்று புருஷோத்தமனுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. பிரேம்குமார் பைக் சாவியைச் சுழற்றிக்கொண்டு, "அப்ப நான் வீட்ல இருக்கேன் மாமா" என்று போனான்.

பப்ஸ் கல்லாப் பெட்டிமேல் ஆறிக்கொண்டிருந்தது.

*

இனியா ஸ்கூட்டரின் பின்னால் ஏறும்போதே, "ஏன் மாமா வரல?" என்று கேட்டாள். ஏமாற்றமா வேறு ஏதாவதா என்று குரலில் பிடிபடவில்லை. வழியெல்லாம் அவன் சட்டையைப் பிடித்திருந்த கைப்பிடி மட்டும் வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தது.

வீட்டுக்குப் போகாமல் கடைக்கே கூட்டிவந்தான். ஷட்டரைப் பாதி இறக்கினான். பாலும் பன்னும் வாங்கிவைத்தான். பக்கத்தில் ஹாஜா கடையில் நாலைந்து கடிகாரம் ஒன்றன்பின் ஒன்றாக ஐந்தடித்தன. ஒன்றுகூட மற்றதோடு சேர்ந்து அடிக்கவில்லை.

"இந்த மெஷினுக்கு ஒரு வியாதி இருக்கு தெரியுமா?" என்று ஆரம்பித்தான். "எது அடிச்சாலும் மீசை போட்டுடும்."

இனியா பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம வீட்ல யாருக்கோ ஒருத்தருக்கு சீட்டுல மீசை..."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஒன்பது வயசு முகத்தில், இவன் எப்போது முடிப்பான் என்று காத்திருக்கும் பொறுமை. புருஷோத்தமன் நிறுத்தினான். ஸ்டூலை இழுத்து, அவள் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்தான்.

"அந்தச் சீட்டு நீ அடிச்சதா கண்ணு?"

"எந்தச் சீட்டு?"

"பெட்டியில போட்டது."

பன் துண்டு பாலில் விழுந்தது. "பெட்டியில போடறதை யாரும் கேக்கக்கூடாதுன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க."

"ஆமா, சொல்லியிருக்காங்க. நீ சொல்ல வேணாம்னா வேணாம்." அவன் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைத்துக்கொண்டான். "ஆனா அப்பா இங்கயேதான் உக்காந்திருப்பேன். ஜோக் சொல்ல மாட்டேன்."

பாலில் விழுந்த துண்டை அவள் விரலால் எடுத்தாள். தெருவில் ஒரு தண்ணீர் லாரி போனது.

"கையால எழுதினா நான்னு டீச்சருக்குத் தெரிஞ்சிடும்" என்றாள். "டீச்சருக்குத் தெரிஞ்சா அம்மாவுக்குத் தெரிஞ்சிடும்ல?"

"அம்மாவுக்குத் தெரிஞ்சா?"

"அம்மா அழுவாங்க. அவங்கதானே மாமாவைத் தூக்கி வளர்த்தாங்க."

புருஷோத்தமனின் காதுக்குள் மெஷின் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். மெஷின் அணைந்துதான் கிடந்தது.

"பிரேம் மாமாவா?"

தலையாட்டினாள். "டியூஷன் அப்ப கதவைச் சாத்திடுவாரு. ஒட்டி உக்காரச் சொல்லுவாரு. எனக்குப் பிடிக்கல, வேணாம்னு சொன்னேன். இது நம்ம ரகசியம், சொன்னா உங்கம்மா என்னைத் துரத்திடும், அப்புறம் அழுவும்னு சொன்னாரு. அன்னிக்கு நிதா கையைப் பிடிச்சாரு. அவ கத்திட்டா. ரெண்டு பேரும் கீழ ஓடியாந்துட்டோம். அதுலேர்ந்து அவ வரல. எனக்கு மட்டும் வீடே அங்கதானே இருக்குது."

காலையில் கேட்டபோது அந்த இரண்டு வரியும் அவனுக்கு ரொம்ப லேசாகத் தெரிந்தன. இப்போது ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து இறைக்கிற மாதிரி வெளியே கொண்டுவந்தான்.

"நான் உன்னை நம்பறேன். தப்பு உன் மேல இல்ல."

"டீச்சர் மாதிரியே சொல்ற" என்றாள் இனியா. அப்போதுதான் அவள் கண் நிறைந்தது. அவன் கையை நீட்டினான், தொடவில்லை. அவளாகவே வந்து அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

கைபேசி அடித்தது. திரையில் அமுதா. என்ன சொல்வது, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் அதிர விட்டான். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. ஓய்ந்த கையோடு ஒரு செய்தி வந்து விழுந்தது: 'எங்க இருக்கீங்க? நீங்க இன்னும் வரலைன்னு பிரேம் ரெண்டு தடவை போன் பண்ணிட்டான்.'

போனைக் கவிழ்த்து வைத்தான். கேட்கக்கூடாத கேள்வி ஒன்று அவன் வாயில் இருந்தது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"அப்பாகிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா?"

இனியா தோளிலிருந்து தலையை எடுத்தாள். கோபமில்லை அந்த முகத்தில். வகுப்பில் வருகைப் பதிவுக்குப் பதில் சொல்கிற மாதிரி, தெளிவாகச் சொன்னாள்.

"சொன்னேனேப்பா. டியூஷனுக்குப் போவலன்னு உன்கிட்டதான் முதல்ல சொன்னேன். நீ தாத்தா கடல்ல குதிச்ச ஜோக்கைச் சொன்ன. எல்லாரும் சிரிச்சீங்க. மாமாவும் சிரிச்சாரு."